ஒரே உடல், அறுபது உருவம்

1919 ஜூன் 25. ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் ஒரு புதிய விமானம் முதன்முறையாக வானேறியது. மூன்றே நாளில், ஜூன் 28 அன்று, வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. போரில் தோற்ற ஜெர்மனி இனி விமானப்படை வைத்திருக்கக் கூடாது என்றது அந்த ஒப்பந்தம். டெஸ்ஸாவில் பறந்த விமானத்துக்கும் படைக்கும் சம்பந்தம் இல்லை. நான்கு பேர் மெத்தை இருக்கையில் சாய்ந்து, கண்ணாடி ஜன்னல் வழியே கீழே பார்த்துக்கொண்டு, சூடேற்றிய சிறு அறைக்குள் ஊர்விட்டு ஊர் போவதற்கென்றே வரைந்து கட்டிய விமானம் அது. இறக்கையில் மரச் சட்டம் கிடையாது, உடம்பில் துணிப் போர்வை கிடையாது. தலையிலிருந்து வால்வரை உலோகம். கட்டிய நிறுவனத்தின் பெயர் யுங்கர்ஸ். விமானத்தின் பெயர் எஃப் 13.

அந்தக் காலத்தில் விமானப் பயணம் என்றால் போரில் மிஞ்சிய குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்குள் நாற்காலியைப் போட்டு ஆளை ஏற்றுவதுதான். காற்றுக்கும் மழைக்கும் பயணி தோல் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொள்ள வேண்டும். எஃப் 13இல் பயணி வீட்டிலிருந்து வந்த உடையோடு ஏறலாம். வெளியே நனைந்தவர்கள் விமானிகள் இருவர்தான். அவர்களுடைய இருக்கை இன்னும் திறந்தவெளியில்தான் இருந்தது. பயணிகளை ஏற்றுவதற்காகவே பிறந்த முழு உலோக விமானங்களில் உலகிலேயே முதலாவது இது. இன்று நாம் ஏறும் எந்த விமானத்துக்கும் இதுதான் பாட்டி.

இதன் பிறந்த கதையைச் சொல்கிறவர்கள் டெஸ்ஸாவ் பட்டறையில் தொடங்குவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. உலோக விமானம் பட்டறையில் உருப்பெறுகிறது. அதன் உலோகம் ஏதோ ஒரு மலையில் பிறக்கிறது. அப்படிப்பட்ட மலை ஒன்று சேலத்துக்கு வடக்கே நிற்கிறது. சேர்வராயன் மலையை, அதன் மேலிருக்கும் ஏற்காட்டை அறிந்தவர்களுக்கு இந்த விமானத்தின் கதையை வேறு முனையிலிருந்து சொல்ல முடியும்.

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டு, சேர்வராயன் கோயிலுக்கும் ஒரு நடை போவார்கள். கோயில் இருப்பது குகைக்குள். சேர்வராயனும் காவேரி அம்மனும் அங்கே குடியிருக்கிறார்கள். குகைக்கு வெளியே வந்தால் 1,600 மீட்டர் உயரத்தில் ஒரு மைதானம் விரிகிறது. இந்த மலையின் உச்சிகளில் பலவும் இப்படித் தட்டையானவை. அந்தத் தட்டையான தலைகளில்தான் பாக்சைட் கிடக்கிறது: சிவப்பும் பழுப்புமாக, அங்கங்கே வெளுத்து, உருண்டை உருண்டையாகப் பொதிந்த கல்.

மலையின் உடம்பு சார்னோக்கைட் என்னும் கரும்பாறை. பல லட்சம் ஆண்டுகளாக மழையும் வெயிலும் மாறி மாறி அதை அரித்தன. சிலிக்காவும் சுண்ணாம்பும் சோடாவும் கரைந்து ஓடின. கரைய மறுத்த அலுமினியமும் இரும்பும் தங்கிவிட்டன. செங்குத்தான சரிவாக இருந்தால் தண்ணீர் மண்ணையே அடித்துக்கொண்டு போய்விடும். பள்ளமாக இருந்தால் தண்ணீர் தேங்கி, சிலிக்கா வெளியேறாமல் நின்றுவிடும். உயரம், தட்டை, நல்ல வடிகால் மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தில்தான் பாக்சைட் உண்டாகும். சேர்வராயனுக்கும் கொல்லிமலைக்கும் அந்த அமைப்பு வாய்த்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். யுங்கர்ஸ் விமானங்களுக்குப் போன உலோகம் சேர்வராயனிலிருந்து போனதில்லை. ஆனால் அது முழுக்க ஜெர்மன் மண்ணிலிருந்து வந்ததும் இல்லை. சொல்லிக்கொள்ளும்படியான பாக்சைட் வளம் ஜெர்மனிக்குக் கிடையாது. பிரான்ஸ், ஹங்கேரி, யுகோஸ்லாவியா என்று பிறர் நாட்டுச் செம்மலைகளையே அது நம்பியிருந்தது. அந்த மலைகளும் இந்த மலையைப் போன்றவைதான். அவற்றின் பெயர் எந்த விமானத்தின் பிறப்புச் சான்றிலும் இல்லை.

கல்லிலிருந்து உலோகத்தைப் பிரிக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டு எஃப் 13இன் காலத்துக்குள் முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும், ஒருவரையொருவர் அறியாமல், மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுத்தார்கள். இருவரும் 1863இல் பிறந்தவர்கள். இருவரும் 1914இல் இறந்தார்கள். 1888இல் கார்ல் யோசப் பையர் என்ற ஆஸ்திரிய வேதியியலாளர், பாக்சைட்டை எரிசோடாவில் கரைத்து அதிலிருந்து வெள்ளை அலுமினாவை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றுவரை உலகம் கையாள்வது இந்த இரண்டு முறைகளையும்தான். நான்கைந்து டன் கல்லிலிருந்து இரண்டு டன் அலுமினா. இரண்டு டன் அலுமினாவிலிருந்து ஒரு டன் உலோகம்.

கிடைத்த உலோகம் எடையில் குறைவு, ஆனால் மென்மை. பாத்திரம் செய்யலாம், கம்பி இழுக்கலாம். இறக்கை செய்தால் மடங்கிவிடும். அந்தக் குறையைத் தீர்த்தவர் ஆல்ஃப்ரெட் வில்ம். பெர்லினை அடுத்த ஓர் ஆய்வகத்தில், துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக்கு மாற்று தேடிக்கொண்டிருந்தார். 1906இல், அலுமினியத்தோடு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் செம்பும், மிகச் சிறிதளவு மக்னீசியமும் கலந்து, உருக்கு வேலையில் செய்வதுபோலவே சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துப் பார்த்தார். அப்போது அளந்தபோது பெரிய மாற்றம் இல்லை. சனிக்கிழமை வேலை முடிந்துவிட்டது, திங்கட்கிழமை வந்து மறுபடி அளந்தார்கள், அதே துண்டு முன்பைவிட வெகுவாக இறுகியிருந்தது என்று உலோகவியல் புத்தகங்கள் சொல்கின்றன. யாரும் தொடாமல், வெறுமனே கிடந்ததிலேயே அது உறுதியாகியிருந்தது. உள்ளே செம்பு அணுக்கள் மெல்ல மெல்ல ஒன்றுகூடி, உலோக அடுக்குகள் வழுக்காமல் தடுத்துக்கொண்டிருந்தன. அந்தக் காரணம் முழுதாக விளங்க 1938 ஆயிற்று. டூரன் நகரத்து ஆலை ஒன்று 1909 முதல் அதைத் தயாரித்து விற்றது. டியூராலுமின் என்று பெயர் வைத்தார்கள்.

சேலத்துக்காரர்களுக்கு இந்தக் கலவையில் இன்னொரு நெருக்கமும் உண்டு. ஏற்காட்டின் அடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் மேக்னசைட் குன்றுகள் மக்னீசியத்தின் கல். அலுமினியக் கல் தலையிலும் மக்னீசியக் கல் காலடியிலுமாக ஒரே மலை வைத்திருப்பது அரிய விஷயம். சேலத்து மேக்னசைட் பெரும்பாலும் உலைகளுக்கு உட்பூச்சுச் செங்கல்லாகத்தான் போயிற்று என்றாலும்.

வில்ம் கண்ட உலோகத்தைக் கொண்டு விமானம் கட்டலாம் என்று துணிந்தவர் விமானத் தொழிலில் பழகியவர் இல்லை. ஹூகோ யுங்கர்ஸ் 1859இல் பிறந்தவர். குளிப்பதற்கு வெந்நீர் போடும் எரிவாயு கீசர் செய்து விற்ற தொழிலதிபர், ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வெப்பப் பொறியியல் பேராசிரியர். கீசர் செய்கிறவருக்கு மெல்லிய தகட்டை மடக்கவும் வளைக்கவும் இணைக்கவும் தெரியும். ஆஹெனில் உடன் பணியாற்றிய ஹான்ஸ் ரைஸ்னர் ஒரு விமானம் கட்ட முனைந்தபோது, அதன் நெளி அலுமினிய இறக்கை யுங்கர்ஸின் தொழிற்சாலையில்தான் தயாரானது. 1910இலேயே, தடித்த இறக்கைக்குள் எல்லாவற்றையும் அடக்கும் விமானம் ஒன்றுக்கு யுங்கர்ஸ் காப்புரிமை எடுத்திருந்தார். அந்நாளைய விமானங்களில் இறக்கையைத் தாங்க வெளியே கம்பிகளும் கால்களும் சிலந்திவலையாகப் பின்னியிருக்கும். தாங்கும் எலும்பையெல்லாம் இறக்கையின் உள்ளே வைத்துவிட்டால் காற்றின் தடை குறையும் என்பது அவர் கணக்கு.

1915 டிசம்பர் 12 அன்று, அவருக்கு ஐம்பத்தாறு வயதில், முதல் முழு உலோக விமானம் ஜே 1 எழும்பியது. அது இரும்புத் தகடு. கனம் அதிகம், மேலேறத் திணறியது. தகரக் கழுதை என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. அடுத்த சில விமானங்களில் இரும்பை விட்டு டியூராலுமினுக்கு வந்தார்கள். தகட்டை மெல்லிசாக்கினால் நசுங்கும், தடிமனாக்கினால் கனக்கும். அதற்கு யுங்கர்ஸ் கண்ட வழி தகட்டை நெளியாக மடிப்பது. ஏற்காட்டுக் காப்பிக் கிடங்கின் தகரக் கூரை ஆள் ஏறி நின்றாலும் வளையாமல் இருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான். அடுத்த இருபது ஆண்டு யுங்கர்ஸ் போக்குவரத்து விமானங்களை எங்கே நிறுத்தினாலும் அந்த நெளிவரிகளை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

போர் முடிந்ததும் பெரும்பாலான விமானத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. யுங்கர்ஸ் மட்டும் தன் வடிவமைப்பாளர் ஓட்டோ ராய்ட்டரிடம் பயணிகள் விமானம் வரையச் சொன்னார். அதுதான் எஃப் 13. முதலில் ஓட்டியவர் எமில் மொன்ஸ். அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று, யுங்கர்ஸின் மகள் பெயரைச் சூடிய ‘அனலீஸ’ என்ற எஃப் 13, எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு 6,750 மீட்டர் உயரம் தொட்டது. சாதனைகளைப் பதியும் பன்னாட்டு அமைப்பில் ஜெர்மனி இல்லாததால் அந்தச் சாதனை பதிவேட்டில் ஏறவில்லை.

இனிமேல்தான் இந்த விமானத்தின் உண்மையான பிறப்பு தொடங்குகிறது என்பேன். எஃப் 13 ஒருமுறை பிறந்து முடிந்த விமானம் இல்லை. 1930களின் தொடக்கம்வரை 320க்கும் மேல் கட்டினார்கள். அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட உருவங்கள் வந்துவிட்டன. முதலில் பதினைந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவாயிருந்த இறக்கை ஏறத்தாழ பதினெட்டு மீட்டராக நீண்டது. உடம்பு நீண்டது, வால் மாறியது. இன்ஜின்களோ ஒரு பெரிய பட்டியல்: தொடக்கத்தில் மெர்சிடிஸ், பிறகு 185 குதிரைத்திறன் பி.எம்.டபிள்யூ., யுங்கர்ஸ் தானே செய்த எல் 2, 310 குதிரைத்திறன் எல் 5, இங்கிலாந்தின் பூமா, பிரான்சில் தயாரான ஜுப்பிட்டர், அமெரிக்காவின் ஹார்னெட். தண்ணீரால் குளிர்வது, காற்றால் குளிர்வது இரண்டும் உண்டு.

இத்தனையையும் அடையாளம் காண நிறுவனம் ஓர் எளிய முறை வைத்திருந்தது. இரண்டு சிற்றெழுத்து. முதல் எழுத்து உடலைக் குறிக்கும், இரண்டாவது இன்ஜினைக் குறிக்கும். எல் 5 இன்ஜின் என்றால் இரண்டாம் எழுத்து எப்போதும் ‘இ’. ‘எஃப்இ’ என்றால் நீண்ட உடலில் எல் 5 என்று பட்டறைக்காரர் படித்தவுடன் தெரிந்துகொள்வார். உடல் வேறு, இன்ஜின் வேறு, இரண்டும் தனித்தனியே வளரும் என்ற எண்ணமே அந்த இரண்டெழுத்தில் இருக்கிறது. அந்த எண்ணத்துக்காகத்தான் இந்த விமானத்தை நான் மதிக்கிறேன்.

அது சாத்தியமானதற்குக் காரணம் உலோகம். இறக்கைக்குள் டியூராலுமின் குழாய்கள் பின்னிய சட்டகம், இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே திருகி இறுக்கும் மூட்டுகள். இறக்கையைக் கழற்றி ரயிலில் ஏற்றலாம், போன இடத்தில் மாட்டலாம். இன்ஜினைத் தாங்கும் பகுதியை மாற்றினால் வேறு இன்ஜின் உட்காரும். சக்கரத்தைக் கழற்றி மிதவை மாட்டினால் ஆற்றில் இறங்கும். பனிச்சறுக்குக் கட்டை மாட்டினால் சைபீரியப் பனியில் இறங்கும். மர விமானம் இப்படி இசைந்து கொடுக்காது. பசை ஈரத்தில் விட்டுவிடும், சட்டம் வெயிலில் முறுக்கிக்கொள்ளும், துணி மழையில் தளரும். வெப்ப நாட்டில் அதன் ஆயுள் குறைவு. இரண்டு பருவமழை பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உலோகத்துக்கும் குறையுண்டு. டியூராலுமினை உப்புத் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். கடலோரத்தில் மிதவைகளுக்குப் பூச்சுப் பூசிப் பூசித்தான் காப்பாற்றினார்கள். நெளிவரிகள் உறுதி தந்தன, கூடவே வேகத்தையும் தின்றன.

1921 மே மாதம் தொடங்கி ஓராண்டுக்கு, ஜெர்மனியில் விமானம் செய்யவே நேச நாடுகள் தடை விதித்தன. தடை நீங்கிய பிறகும் வேகத்துக்கும் சுமைக்கும் 1926வரை கட்டுப்பாடு இருந்தது. உள்ளூரில் வழி அடைபட்ட விமானம் வெளியூர்களில் வளர்ந்தது, ஒவ்வொரு ஊரும் அதற்கு ஓர் உருவம் கொடுத்தது.

கொலம்பியாவைச் சொல்ல வேண்டும். பரங்கியா துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குப் போக மக்தலேனா ஆறுதான் வழி. நீராவிப் படகில் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும், ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கணக்கே இல்லை. 1919 டிசம்பரில் அங்கே தொடங்கிய ஸ்காட்டா நிறுவனம் எஃப் 13க்கு மிதவை மாட்டி ஆற்றின் மேலேயே ஓட்டியது. அந்த வெப்பத்தில் ஐரோப்பாவுக்குச் செய்த இன்ஜின் கொதித்தது. குளிர்விக்கும் அமைப்பை அங்கேயே மாற்றினார்கள். படகின் ஒரு வாரம் ஒரு பகலாகச் சுருங்கியது. பாரசீகத்தில் யுங்கர்ஸ் நிறுவனமே பாலைவனத்தின் மேல் சேவை நடத்தியது. மாஸ்கோவை அடுத்த ஃபீலியில் தொழிற்சாலை எழுந்தது. அமெரிக்காவில் ஜான் லார்சன் என்பவர் ஜே.எல். 6 என்று பெயர் மாற்றி விற்றார். தபால் துறை வாங்கியவற்றில் சில 1920இல் நடுவானில் தீப்பற்றி, விமானிகள் இறந்தார்கள். எரிபொருள் குழாயின் கசிவே காரணமென்று கருதப்பட்டது. உருவம் மாற்றுவது எளிதென்பதற்காக ஒவ்வொரு மாற்றமும் நல்லதாகிவிடாது.

1930 ஜூலை 21 அன்று இங்கிலாந்தின் மியொபம் கிராமத்தின் மேல் ஓர் எஃப் 13 வானிலேயே உடைந்து சிதறியது. ‘ஜிஇ’ வகை. இறந்த ஆறு பேரில் டஃபரின் பிரபுவும் ஒருவர். 1884 முதல் 1888 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த டஃபரினின் மகன். விசாரித்த ஆங்கிலேயப் பொறியாளர்கள், இறக்கைக்குப் பின்னே சுழன்ற காற்று வாலைத் தொடர்ந்து அடித்து உலுக்கியிருக்கிறது என்றார்கள். ஜெர்மானியர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் வால் இப்படி உலுக்கப்படுவதைப் பற்றிய முறையான ஆராய்ச்சிகளில் அது முன்னோடி. பிறகு வந்த விமானங்களில் வால் எங்கே நிற்க வேண்டும் என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டதில் அந்த ஆறு உயிர்களின் பங்கு இருக்கிறது.

எஃப் 13இன் வழித்தோன்றல்களும் அதே எலும்போடு வந்தன. ராய்ட்டர் 1922இல் இறந்த பின் எர்ன்ஸ்ட் ட்சிண்டல் அந்தப் பொறுப்பை ஏற்றார். ஒரு இன்ஜினை மூன்றாக்கி ஜி 24 வந்தது. ஜெர்மனியில் இருந்த கட்டுப்பாட்டைத் தாண்ட, சுவீடனின் மால்மோ அருகே ஒரு நிறுவனம் வைத்துப் பெரிய இன்ஜினை அங்கே மாட்டினார்கள். 1926 ஜூலையில் பெர்லினிலிருந்து கிளம்பிய இரண்டு ஜி 24கள் ஆகஸ்ட் 30 அன்று பீகிங் போய்ச் சேர்ந்தன. சரக்குக்கென்று வந்த டபிள்யூ 33 வகையைச் சேர்ந்த ‘பிரெமன்’ 1928 ஏப்ரலில் அயர்லாந்திலிருந்து மேற்கு நோக்கி வட அட்லாண்டிக்கைக் கடந்தது. காற்றை எதிர்த்துப் போகும் அந்தத் திசையில் எங்கும் நிற்காமல் முதன்முதலாக அதைக் கடந்த விமானம் அதுதான். அதன் உடன்பிறப்பு டபிள்யூ 34 அடுத்த ஆண்டு 12,739 மீட்டர் ஏறியது.

இந்தக் குடும்பத்தின் வேலைகளில் என்னை அதிகம் கவர்ந்தது நியூகினியில் நடந்தது. அங்கே புலோலோ பள்ளத்தாக்கின் ஆற்று மணலில் தங்கம் இருந்தது. கடற்கரையான லேயிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. மலைகளுக்கும் அடர்காட்டுக்கும் நடுவே, கூலியாட்கள் தலைச்சுமையோடு ஒரு வாரத்துக்கு மேல் நடக்க வேண்டும். மணலைத் தோண்டிச் சலிக்கும் இயந்திரமோ ஆயிரம் டன்னுக்கு மேல். அதைத் துண்டு துண்டாகச் செய்து விமானத்தில் கொண்டுபோக முடிவு செய்தார்கள். மூன்று இன்ஜின் கொண்ட யுங்கர்ஸ் ஜி 31ஐ அதற்கேற்ப மாற்றினார்கள். கூரையில் பெரிய திறப்பு வைத்து, கிரேன் மேலிருந்து நேராக உள்ளே இறக்கும்படி செய்தார்கள்; ஒவ்வொரு நடையிலும் மூன்று டன் அளவில் சுமை. 1932இல் முதல் இயந்திரம் புலோலோவில் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் மொத்தம் எட்டு இயந்திரங்கள் இப்படியே ஆகாய வழியாகப் போய்ச் சேர்ந்தன. கொண்டை ஊசி வளைவில் பாரலாரி ஏறும் முனகலைக் கேட்டவர்களுக்கு, சாலையே இல்லாத மலைக்கு ஆயிரம் டன் இரும்பு வானத்தில் போன காட்சியின் பெருமை புரியும். 1942 ஜனவரியில் ஜப்பானியப் போர் விமானங்கள் புலோலோவில் நின்ற ஜி 31களை எரித்தன.

கடைசிக் குழந்தை யூ 52. 1930இல் ஒற்றை இன்ஜினோடு பறந்தது, 1932இல் மூன்று இன்ஜினோடு உலகெங்கும் பரவியது. ஸ்பெயினிலும் பிரான்சிலும் கட்டியதைச் சேர்த்தால் 4,800க்கு மேல். யூ அத்தை என்று ஜெர்மானியர் செல்லமாக அழைத்த விமானம். அதன் கதையில் எனக்கு ஆறாத வேதனை உண்டு. யுங்கர்ஸ் நாஜிகளோடு ஒத்துப்போகாதவர். 1933இல் ஆட்சிக்கு வந்ததும் அவர்கள் அவரை மிரட்டிக் காப்புரிமைகளையும் நிறுவனத்தையும் பறித்து, வீட்டுக்காவலில் வைத்தார்கள். 1935 பிப்ரவரி 3, தன் எழுபத்தாறாம் பிறந்தநாளன்றே, அவர் இறந்தார். எந்த இன்ஜினையும் எந்தக் காலையும் ஏற்றுக்கொண்ட அந்த உடல் குண்டு மாட்டும் கொக்கிகளையும் ஏற்றுக்கொண்டது. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் கெர்னிகா நகரத்தின் மேல் குண்டு பொழிந்தவற்றில் யூ 52களும் இருந்தன. பயணிகள் ஜன்னலோரம் உட்கார்ந்து மேகம் பார்க்கவென்று தொடங்கிய வம்சம் இங்கே வந்து நின்றது.

இந்த ஆண்டுகளில் நம் பக்கம் விமானம் எப்படி இருந்தது? 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா பம்பாய்வரை கொண்டுவந்த தபாலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராசுக்குக் கொண்டுவந்தார். அந்த புஸ் மாத் விமானம் துணி போர்த்தியது, இறக்கைகள் மரம். முழு உலோகப் பயணிகள் விமானம் பறக்கத் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டு ஆகியிருந்தது. இந்தியாவில் அலுமினியமே அப்போது உருக்கப்படவில்லை. ஆலுவாயை அடுத்த அலுபுரத்தில் 1943இல் முதல் உலோகம் வந்தபோதும், அலுமினா கனடாவிலிருந்து கப்பலேறி வந்தது.

சேர்வராயனின் முறை இன்னும் தாமதமாக வந்தது. அலுமினிய ஆலைக்குக் கல்லைவிட மின்சாரம் முக்கியம். ஒரு டன் உலோகத்துக்கு இன்றைய நல்ல ஆலைகளிலேயே பதிமூன்றாயிரம் யூனிட் அளவில் ஆகும். மேட்டூரில் 1934இல் அணை முடிந்து, நீர்மின்சாரம் வந்துவிட்டது. எரிசோடா செய்யும் ரசாயன ஆலையும் அதே ஊரில் இருந்தது. 1960இல் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி உருவானது; இத்தாலியின் மொன்டெகத்தினி நிறுவனம் தொழில்நுட்பம் தந்தது. 1965இல் உற்பத்தி தொடங்கியது. சேர்வராயன், கொல்லிமலை உச்சிகளின் செந்நிறக் கல் மலையிறங்கி மேட்டூருக்குப் போயிற்று. மால்கோ என்றால் சேலம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மின்கட்டணம் ஏறியதில் 1991இல் ஆலை நின்றது. 1995இல் ஸ்டெர்லைட் வாங்கி மறுபடி ஓட்டியது. 2008இல் உருக்காலை நிரந்தரமாக நின்றுவிட்டது. நாற்பது ஆண்டுக்கு மேல் மலையின் தலையைச் சீவியதில் எஞ்சியவை உச்சியில் வெட்டுக்குழிகளும் மேட்டூரில் செஞ்சேற்றுக் குவியலும். பாக்சைட் படுகை மழைநீரைத் தன் துளைகளில் பிடித்து வைத்து ஓடைகளுக்கு விடும் படுகை. கீழே இருக்கும் காப்பித் தோட்டங்களும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களும் அந்த ஊற்றுகளை நம்பியவை. வெட்டியெடுத்த இடத்தில் மரம் நட்டாலும் அந்தப் படுகை திரும்பாது. அது பல லட்சம் ஆண்டு வேலை.

இந்திய அலுமினியத்தின் பெரும்பங்கு விமானத்துக்குப் போகவில்லை. 1970இல் வந்த அரசாணை, ஆலைகள் உற்பத்தியில் பாதியை மின்கம்பிக்குரிய தரத்தில் தர வேண்டும் என்றது. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோனது அந்தக் கம்பி. அதை நான் குறைவாக நினைக்கவில்லை. எஃப் 13இன் வெற்று எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். இன்ஜினைக் கழித்துவிட்டால் நான்கைந்து டன் பாக்சைட்டுக்குள், ஒரு லாரிப் பாரத்துக்குள், ஒரு விமானத்தின் உலோகம் அடங்கிவிடும். கட்டிய 320 சொச்சம் விமானங்களுக்கும் சில நூறு லாரிப் பாரம் போதும். உலகத்தின் பயணத்தையே மாற்றிய ஒரு விமான வகைக்கு மலை கொடுத்த விலை அவ்வளவு சிறியது. மலைகள் கொடுத்ததில் மிகப் பெரும்பகுதி வேறு எதெதற்கோ போயிற்று. ஆகவே எவ்வளவு எடுக்கிறோம் என்பதோடு, எடுத்ததை எத்தனை காலம் வைத்துக்கொள்கிறோம் என்றும் கேட்கத் தோன்றுகிறது. எஃப் 13 அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொன்ன விமானம். இன்ஜின் பழசானால் உடலை எறியவில்லை; வேறு இன்ஜின் மாட்டி, எழுத்தை மாற்றிக்கொண்டு, மறுபடி பறந்தது.

பழைய எஃப் 13கள் இன்று மியூனிக், பாரிஸ், ஸ்டாக்ஹோம், புடாபெஸ்ட் அருங்காட்சியகங்களின் சேகரிப்பில் இருக்கின்றன. அவற்றை அளந்து வரைந்து, புதிதாக ஓர் எஃப் 13ஐக் கட்டினார்கள். நெளிவரிப் பெட்டிகளுக்குப் பெயர்பெற்ற ரிமோவா நிறுவனம் அதற்குத் துணை நின்றது. அந்தப் பெட்டிகளின் வரிகளே யுங்கர்ஸ் விமானங்களிலிருந்து வந்தவை. 2016 செப்டம்பர் 15 அன்று சுவிட்சர்லாந்தின் டியூபெண்டார்ஃபில் அது பறந்தது. தகடும் வரியும் பழைய மாதிரியேதான். மூக்கில் மட்டும் அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி செய்த 450 குதிரைத்திறன் வாஸ்ப் ஜூனியர் இன்ஜின். டெஸ்ஸாவ் பட்டறையின் முறைப்படி பார்த்தால், இரண்டாம் இடத்துக்கு அவர்கள் ஒரு புதிய எழுத்தைத் தேட வேண்டியிருந்திருக்கும்.